பெட்டி பெரிது, பண்டம் சிறிது!

மாலை மங்கும் வேளை. கட்டட வேலை முடித்து வீடு திரும்பும் தோழர் ஒருவர் தெருமுனைப் பெட்டிக்கடை முன்னே நிற்கிறார். சட்டைப் பையிலே அன்றைய கூலி; வீட்டு வாசலிலே அப்பா வருகிறாரா என்று பார்த்திருக்கும் இரண்டு குழந்தைகள். கடை முகப்பிலே சரம் சரமாகத் தொங்குகின்றன வறுவல் பொட்டலங்கள்; சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய், காற்றடைத்த பந்து போல உப்பிப் பளபளக்கின்றன. பத்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறார். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் இரண்டைக் கிழித்துக் கொடுக்கிறார் கடைக்காரர். வீட்டிலே பிரித்தால் ‘புஸ்’ என்று காற்றுப் போகிறது. உப்பியிருந்தது ஒட்டிப் போகிறது. அடியிலே கிடப்பது ஒரு சிறு பிடி வறுவல். தின்று முடித்த இளையவன், இன்னும் இருக்கும் என்ற நம்பிக்கையோடு பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறான்.

அந்தப் பிள்ளை ஏமாந்தானா, ஏமாற்றப்பட்டானா?

எவரும் அவனிடம் பொய் சொல்லவில்லை. பொட்டலத்தின் மேலே எடை அச்சிடப்பட்டிருக்கிறது. அச்சிட்ட எடை உள்ளே இருக்கிறது. தராசிலே போட்டுப் பார்த்தால் கம்பெனிக்காரர் யோக்கியர்! “எடை போட்டிருக்கிறோமே, படித்துப் பார்த்து வாங்க வேண்டியதுதானே?” என்று மார்தட்டவும் செய்கிறார். ஆனால் எழுத்து சொல்வது ஒன்று. வடிவம் சொல்வது வேறொன்று. எழுத்து எறும்பு போல ஒரு மூலையிலே ஒதுங்கிக் கிடக்கிறது. வடிவமோ பத்தடிக்கு அப்பாலிருந்தே கண்ணைப் பறிக்கிறது. மங்கிய விளக்கொளியிலே, மூக்குக் கண்ணாடி இல்லாமல், பின்னால் நான்கு பேர் காத்து நிற்க, கடை முன்னே நிற்பவரிடம் முதலில் பேசுவது வடிவம்தான். “நான் நிறைந்திருக்கிறேன்” என்று அது பேசுகிறது. அது பொய்.

“வறுவல் பொட்டலத்துக்கா ஒரு தலையங்கம்? கூலியும் வேலையும் விலைவாசியும் தலைக்கு மேலே வெள்ளமாய்ப் போகையிலே இதுவா பேச்சு?” என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாமும் விலைவாசியைப் பற்றித்தான் பேசுகிறோம். விலை ஏறினால் தெரிகிறது, தெருவெல்லாம் பேச்சாகிறது, கூட்டம் போடுகிறோம், கண்டனம் முழங்குகிறோம். எடை இறங்கினால்? ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே இருக்கிறது. அதே நிறம், அதே நடிகர் படம், அதே உப்பல். உள்ளே சில கிராம் மட்டும் காணாமற்போயிருக்கிறது. ஆலை வாயிலிலே மாதக்கணக்கில் நின்று, சம்பளம் இழந்து, வழக்குச் சுமந்து வாங்கிய கூலி உயர்வு, பெட்டிக்கடை வாயிலிலே ஓசையின்றிக் கரைகிறது. விலையேற்றத்திலே இது ஒரு தனி ரகம். ஊர்வலத்துக்கு அஞ்சாத ரகம்.

ஏன் எடையிலே கை வைக்கிறார்கள்? ஐந்து ரூபாய்க்கு நாணயம் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு நாணயம் இருக்கிறது, ஆறேகால் ரூபாய்க்கு நாணயம் இல்லை. ஏழையின் கை நாணயத்தைப் பார்த்தே நீள்கிறது என்பதைக் கம்பெனிக்காரர் நன்கு அறிவார். மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் விலை ஏறும்போது ஐந்தை ஆறாக்கினால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே விலையைத் தொடாமல் எடையைத் தொடுகிறார். செலவு ஏறினால் அதை யாரேனும் சுமக்கத்தான் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. குறைத்ததைச் சொல்லிவிட்டுக் குறைத்தால் அது வியாபாரம். பண்டத்தைக் குறைத்துவிட்டுப் பையை மட்டும் குறைக்காமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? டீக்கடைத் தம்ளரின் அடிக் கண்ணாடி தடித்துக்கொண்டே போகிறது என்று நாம் கேலி பேசுகிறோம். அங்கேயாவது தம்ளர் கண்ணாடி, உள்ளே எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிகிறது!

அந்த நாளிலே கடைவீதி என்ன புண்ணிய பூமியா என்றால், இல்லை. படியின் அடியை உள்ளே தட்டி வைத்தவர்கள் உண்டு. தராசுத் தட்டின் அடியிலே புளியை ஒட்டி வைத்தவர்கள் உண்டு. ஆனால் அளக்கின்ற கை, வாங்குகின்றவர் கண்ணெதிரே இருந்தது. “தலை தட்டாதே, கோபுரமாக அள” என்று சொல்ல முடிந்தது. சண்டை பிடிக்க முடிந்தது. அளந்து முடித்தபின் உரிமையோடு கொசுறு கேட்க முடிந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வீசையும் பலமும் விடைபெற்றுக் கிலோவும் கிராமும் வந்தன. நல்லதுதான், ஊருக்கொரு படி, சந்தைக்கொரு மரக்கால் என்ற குழப்பம் ஒழிந்தது. அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது பொட்டல யுகம். அளக்கின்ற கை எங்கோ தொலைதூரத்து ஆலைக்குப் போய்விட்டது. பொட்டலத்தைத் தொங்கவிட்டிருக்கும் கடைக்காரருக்கும் உள்ளே இருப்பது எவ்வளவென்று தெரியாது. வாங்கியவர் வந்து சண்டை போடுவது மட்டும் அவரிடம்! கொசுறு போயிற்று, கொசுறு இருந்த இடத்திலே காற்று வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தக் காற்றைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அதுதான் வேடிக்கை.

1976-ல் எடையளவுச் சட்டம் ஒன்று, 1977-ல் பொட்டலப் பண்டங்களுக்கான விதிகள், பின்னர் 2009-ல் சட்டமுறை எடையளவுச் சட்டம், அதன் கீழே 2011-ல் புதிய பொட்டலப் பண்ட விதிகள் என்று வரிசையாக வந்திருக்கின்றன. 2011 விதிகளிலே ‘ஏமாற்றுப் பொட்டலம்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. உள்ளே இருக்கும் பண்டத்தின் அளவையோ தரத்தையோ பற்றி வாங்குவோர் மனத்திலே மிகையான எண்ணத்தையோ தவறான எண்ணத்தையோ உண்டாக்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்ட பொட்டலம் ஏமாற்றுப் பொட்டலம். அதைத் திரும்பக் கட்டும்படி அதிகாரி உத்தரவிடலாம். கட்டாவிட்டால் பறிமுதல் செய்யலாம். தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடையைச் சரியாக அச்சிட்டால் போதும் என்று சட்டம் சொல்லவில்லை. வாங்குவோர் மனத்திலே எழும் எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறது. “எடை போட்டிருக்கிறோமே” என்ற கம்பெனிக்காரரின் வாதம் அந்த ஒரு வாசகத்திலேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் முன்வாசலை அடைத்த சட்டம் அதே மூச்சிலே கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பண்டத்தின் பாதுகாப்புக்காகப் பெரிய பொட்டலம் வேண்டியிருக்கிறது என்றோ, நிரப்பும் இயந்திரத்துக்கு அந்த அளவு தேவைப்படுகிறது என்றோ தயாரிப்பாளர் காரணம் காட்டினால், அது ஏமாற்றுப் பொட்டலம் ஆகாது. எவ்வளவு காற்று வரை பாதுகாப்பு, எவ்வளவுக்கு மேல் ஏமாற்று என்று ஓர் எண் உண்டா? விதியிலே இல்லை. போதாக்குறைக்கு ‘வேண்டுமென்றே’ என்ற சொல் வேறு! கம்பெனியாரின் நெஞ்சுக்குள் புகுந்து நோக்கத்தைக் கண்டுபிடித்து வர வேண்டும், பாவம் அந்த ஆய்வாளர்.

நியாயத்தை நியாயமாகவே சொல்லிவிடுவோம். வறுவல் பொட்டலத்திலே காற்று அறவே கூடாது என்று நாம் வாதாடவில்லை. அது நாம் மூச்சு விடும் காற்றும் அன்று, நைட்ரஜன் வாயு. எண்ணெயிலே பொரித்த பண்டம் பிராணவாயு பட்டால் சிக்கு வாடை அடிக்கும். லாரியிலே ஏற்றி, மூட்டையோடு மூட்டை மோதி, கடைசிக் கிராமம் போய்ச் சேர்வதற்குள் நொறுங்கித் தூளாகும். உள்ளே வாயுவை அடைத்தால் கெடாது, நொறுங்காது. இது அறிவியல், ஏற்கிறோம்.

ஏற்றுக்கொண்டு ஒன்று கேட்கிறோம். இதே பொட்டலத்திலே முன்பு கூடுதலான வறுவல் இருந்தது. அப்போதும் லாரி ஓடியது, அப்போதும் மூட்டை மோதியது, அப்போது இருந்த காற்று போதுமானதாக இருந்தது. இப்போது வறுவலைக் குறைத்தீர்கள், பையைக் குறைக்கவில்லை, குறைந்த இடத்தையெல்லாம் காற்றால் நிரப்பினீர்கள். இடையிலே உருளைக்கிழங்கு மென்மையாகிவிட்டதா? சாலை மேடு பள்ளமாகிவிட்டதா? கூடுதலாகச் சேர்ந்த அந்தக் காற்று எதைப் பாதுகாக்கிறது? வறுவலையா, வியாபாரத்தையா?

வறுவலையாவது விடுங்கள், அது நொறுங்கும் பண்டம். நொறுங்காத பண்டத்துக்கு என்ன சமாதானம்? சென்ற வாரம் நமது அலுவலக மேசையின் மீதே ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். மசாலாத் தூள் அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்தோம். உள்ளே ஓர் உறை, உறையிலே தூள், தூளைத் தட்டிச் சமன் செய்தால் பெட்டியின் பாதி உயரத்துக்கு வரவில்லை. அரைத்துப் பொடியாகிவிட்ட மிளகாய் இதற்கு மேலும் நொறுங்கிவிடும் என்றா பாதுகாப்பு? அடுத்தது பிஸ்கட் பெட்டி. உள்ளே அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் தட்டு. பிஸ்கட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் இடையே விரல் விடலாம். மூன்றாவது, குழந்தைகளுக்குப் பாலிலே கலந்து கொடுக்கும் சத்துமாவுச் சீசா. வெளியே ஆஜானுபாகுவாக நிற்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பாகம் உள்வாங்கி ஒரு குழி! படியின் அடியைத் தட்டி வைத்தாரே பழைய கடைக்காரர், அவருடைய பேரன் ஆலை வைத்துவிட்டார் போலும். நமது அச்சுக்கோப்புத் தோழர் ஒருவர் அந்தக் குழியிலே தன் தேநீரை ஊற்றிப் பார்த்து, “அரை தம்ளர் பிடிக்கிறது” என்றார்.

தள்ளுவண்டியிலே தக்காளி விற்கும் அம்மையாரின் மின்தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். முத்திரை இல்லையென்றால் வழக்கு. அதை நாம் குறை சொல்லவில்லை. தராசு நேராக இருக்கத்தான் வேண்டும். தள்ளுவண்டியிடம் காட்டும் அந்தக் கண்டிப்பு, சீசாவின் குழிக்கு முன்னே மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

டில்லி சர்க்கார் செய்த இன்னொரு காரியத்தையும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். முன்பு தேயிலை, காபி, பிஸ்கட், ரொட்டி, சமையல் எண்ணெய் முதலான பல பண்டங்களை இன்னின்ன எடையிலேதான் பொட்டலம் கட்ட வேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது. நூறு கிராமுக்குப் பக்கத்திலே நூறு கிராம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எது மலிவு என்று விலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். 2021 நவம்பரில் வெளியிட்ட திருத்தத்தால் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பொட்டலத்திலே அச்சிட வேண்டும் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்திலே கிராமுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒரு கிலோவைத் தாண்டிய பொட்டலத்திலே கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கும். சிறியதிலே ‘0.42 ரூபாய்’, பெரியதிலே ‘385 ரூபாய்’ என்று கண்டால், எது மலிவு என்று கடை வாயிலிலே நின்று ஆயிரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். கணக்கு வாத்தியாரே ஒரு கணம் தடுமாறுவார்.

எடையளவு அட்டவணை போனதும் என்ன நடந்தது என்பதற்குச் சமையல் எண்ணெயே சாட்சி. ஒரு லிட்டர் எண்ணெய் என்றால் ஏறத்தாழ 910 கிராம். இன்றோ ஒரு லிட்டர் உறையைப் போலவே தோன்றும் உறையிலே 850 கிராம், 800 கிராம் என்று வருகிறது. பக்கத்துப் பக்கத்திலே வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். எது அண்ணன் என்று தாய்க்கும் தெரியாது.

எண்ணெயிலே இன்னொரு ஜாலமும் நடந்தது. சூடேறினால் எண்ணெய் விரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சில கம்பெனியார் 60 டிகிரி வெப்பத்திலே ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு அச்சிட்டார்கள்! 21 டிகிரியிலே ஒரு லிட்டர் சோயா எண்ணெய் சுமார் 919 கிராம். 60 டிகிரியிலே ஒரு லிட்டர் என்றால் சுமார் 893 கிராம்தான். 60 டிகிரி வெயில் நம் வேலூரிலும் அடித்ததில்லை. இப்படி வெப்பநிலையைக் காட்டி அளவு போடக்கூடாது, எடையையும் சேர்த்துப் போட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ஆணையிட வேண்டியதாயிற்று. ஆக, மனம் வைத்தால் சர்க்காரால் முடிகிறது. அதையும் குறித்துக்கொள்வோம்.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆயிற்று. பொட்டலத்தில் வரும் காரவகைகள் மீதான வரி 12-லிருந்து 5 ஆயிற்று. மகிழ்ச்சி. ஆனால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களில் சில்லறைக் கணக்கிலே விலையைக் குறைக்க இயலாது, எடையைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள் கம்பெனியார் பலர். நாம் அதை நம்பத் தயார். ஆனால் எப்படிப் பார்ப்பது? முன்பும் பை உப்பியிருந்தது, இப்போதும் உப்பியிருக்கிறது. உழைப்பாளிக்கென்று சர்க்கார் விட்டுக்கொடுத்த வரி அந்தப் பைக்குள்ளே போனதா, முதலாளியின் பைக்குள்ளே போனதா? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பையும் ஒன்றாகத்தானே தெரிகிறது!

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. பிஸ்கட் பொட்டலம் ஒன்றின் மேலுறையிலே 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது, உள்ளே 15. வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். “நாங்கள் எண்ணி விற்பதில்லை, எடை போட்டு விற்கிறோம்” என்றது கம்பெனி. நிறுத்துப் பார்த்ததில் 76 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 74 கிராம்தான் இருந்தது. 4.5 கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதியிலே இடம் இருக்கிறதே என்றது கம்பெனி. ஆணையம் ஏற்கவில்லை. 2023-ல் ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு பிஸ்கட்! அற்ப விஷயம் என்று வழக்காடியவரைச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். உறை என்ன சொல்லிற்றோ அதற்கு உறைக்காரர் பொறுப்பு என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது. உறையின் மேலே உள்ள எழுத்துக்குப் பொறுப்பு உண்டென்றால், உறையின் வடிவத்துக்கு மட்டும் இல்லையா?

உலகத்திலே எங்கும் இல்லாத அதிசயத்தை நாம் கேட்கவில்லை. தென்கொரியாவிலே தின்பண்டப் பொட்டலத்திலே காலியிடம் 20 சதவிகிதத்துக்கு மேல் கூடாது. நொறுங்காமலும் கெடாமலும் இருக்க வாயு அடைக்கும் பண்டமானால் 35 சதவிகிதம் வரை போகலாம் என்று எண்ணிட்டுச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புக்கும் இடம் கொடுத்தாயிற்று, ஏமாற்றுக்கும் எல்லை போட்டாயிற்று. பிரான்சு நாட்டிலே 2024 ஜூலை முதல், அளவைக் குறைத்துவிட்டு விலையைக் குறைக்காத பண்டத்துக்குப் பக்கத்திலே அதை எழுதி வைக்க வேண்டும் என்று பெரிய கடைகளுக்குச் சட்டம். அங்கெல்லாம் கம்பெனிகள் மூடிக்கொண்டு ஓடிவிடவில்லை.

இங்கேயும் ஓர் எண் வேண்டும். பண்டத்துக்குப் பண்டம் இத்தனை சதவிகிதம் காலியிடம் வரை என்று விதியிலே எழுதட்டும். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை அடித்துவிடட்டும். எடையைக் குறைக்கும் கம்பெனி, குறைத்த நாளிலிருந்து சில மாதங்களாவது பழைய எடை இது, புதிய எடை இது என்று முன்பக்கத்திலே, விலை எழுத்தின் அளவிலேயே போட வேண்டும். சிறிய பொட்டலமோ பெரிய பொட்டலமோ, எல்லாவற்றிலும் நூறு கிராமுக்கு என்ன விலை என்ற ஒரே கணக்கு இருக்க வேண்டும். எண்ணெய்க்கும் தேயிலைக்குமாவது பழைய எடையளவு அட்டவணை திரும்ப வர வேண்டும். அரிசி மாவுக்கும் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம், அதைப் பின்னர் பேசுவோம்.

விதியை மாற்றுவது டில்லியின் கையிலே. இருக்கிற விதியை நடத்துவது நம் மாநிலத்தின் கையிலே. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டிய துறையே, அந்தக் கூலிக்கு உரிய பண்டம் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பொருத்தமான ஏற்பாடுதான். ஏமாற்றுப் பொட்டலம் என்று கண்டு, 2011 முதல் இன்றுவரை எத்தனை பொட்டலங்களைத் திரும்பக் கட்டச் சொன்னார்கள், எத்தனையைப் பறிமுதல் செய்தார்கள், எந்தெந்தக் கம்பெனியுடையவை என்ற கணக்கைச் சட்டமன்றத்தின் மேசையிலே வைக்கும்படி கேட்கிறோம். நம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இந்தக் கேள்வியைப் போட வேண்டும்.

படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். மேசை மீது பத்திரிகைகளுக்குப் பக்கத்திலே ஒரு சிறு தராசு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும், தெருவிலே அதிகமாக விற்கும் பொட்டலங்கள் சிலவற்றை வாங்கிப் பலர் முன்னிலையிலே பிரியுங்கள். பண்டத்தை நிறுத்துப் பாருங்கள். பிறகு அதே பையிலோ பெட்டியிலோ திரும்பப் போட்டு, எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்று ஒரு கோடு கிழியுங்கள். பெட்டிக்கடைக்காரரையும் அழைத்து உட்கார வையுங்கள்; அவர் நம் எதிரி அல்லர், அவரும் நம்மோடு சேர்ந்து ஏமாந்தவர். எடை குறைந்திருந்தால் 1915 என்ற எண்ணிலே தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லலாம். எடை சரியாக இருந்து பை மட்டும் பொய் சொன்னால், கோடு கிழித்த பையையே உறையிலிட்டு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். என்ன பண்டம், என்ன எடை, கோடு எந்த உயரத்தில் என்ற குறிப்பின் படி ஒன்று நமக்கும் வரட்டும்.